குழந்தைகள் ஏறாத படகு

ஆகஸ்ட் மாதத்தில், எகிப்தின் செங்கடல் கரையிலுள்ள ஹுர்கதாவில் வெங்காயம் வதக்க வேண்டுமென்றால் காலை ஐந்தரைக்கே அடுப்பைப் பற்றவைத்துவிட வேண்டும். அதற்கு மேல் போனால் அடுப்பும் வெயிலும் சேர்ந்து ஆளையே வதக்கிவிடும். எங்கள் படகுக்கு இரண்டு உடல்கள். முன்பக்கம் இரண்டுக்கும் நடுவே வலை கட்டியிருக்கும். அந்த வலையில் குப்புறப் படுத்துக் கீழே ஓடும் தண்ணீரைப் பார்ப்பதற்காகவே பாதிப் பேர் வருகிறார்கள். என் சமையலறை வலது உடலுக்குள், மூன்று படி கீழே. அந்தச் செவ்வாய்க்கிழமையும் அங்கேதான் குனிந்து நின்று மீன்சோற்றுக்கு வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தேன். நன்றாகக் கறுத்தால்தான் சோற்றுக்கு நிறம் ஏறும். அரைகுறையாக இறக்கினால் ஆஸ்பத்திரிச் சோறு மாதிரி வெளுத்துக் கிடக்கும். சுற்றுலா வருகிறவர்களுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. எனக்குத் தெரியுமே, என்ன செய்ய?

ஏழரை மணிக்கு ரதீபா வந்தாள். கறுப்பு அபாயா, புது நீலத் தலைத்துணி, கையில் மாம்பழப் பை. படகுத்துறையில் அரைக்கால் சட்டையும் தொப்பியுமாகக் காத்திருந்த கூட்டத்துக்கு நடுவே நேராக நடந்து வந்தாள். அவளுக்குப் பின்னால் அவள் புருஷன் ரயிஸ் ஹம்தான். எங்கள் படகின் தலைவர் அவர்தான், எல்லோருக்கும் ரயிஸ். பெரிய மீசை, சின்னப் பேச்சு. கடலோரக் காவல் சிப்பாயிடம் பயணிகள் பட்டியலை நீட்டி, கடைசிப் பெயராகப் பெண்சாதி பெயரையும் எழுதி முத்திரை வாங்கினார்.

நான் படியேறி வந்து, “வா தங்கச்சி” என்றேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல், “கருகுற வாசம் வருது அண்ணே, அடுப்பைப் பாரு” என்றாள். கருகவில்லை. என் முகத்தைப் பார்க்க அவளுக்கு முடியவில்லை, அவ்வளவுதான்.

நான் ஃபிக்ரி. ஊர் கிர்கா. காப்டிக் கிறிஸ்தவன். மனைவி இறந்து பதினோரு வருஷமாகிறது. தஹார் பகுதியில் ரயிஸ் குடியிருக்கும் வீட்டுக்குக் கீழ்வீடு எனக்கு. நாள் பூராவும் நாற்பது பேருக்குச் சமைக்கிறவனுக்குச் சாயங்காலம் தனக்கென்று ஒரு முட்டை உடைக்கக் கை வராது. அதனால் பதினோரு வருஷமாக ராச்சாப்பாடு மேலேதான். எங்கள் விரத நாட்களில் இறைச்சி, பால், நெய் எதுவும் ஆகாது. ரதீபா எனக்கென்று எண்ணெயில் தனியாகச் செய்து வைப்பாள். இப்போதும் கன்னி மரியாள் விரதம் நடந்துகொண்டிருந்தது. அவள் ஐந்து வேளை தொழுகிற பெண். ஆனால் என் விரத நாட்களை என்னைவிட நன்றாகக் கணக்கு வைத்திருப்பாள்.

எங்கள் தெருவில் எந்தப் பெண்ணுக்கும் சொந்தப் பெயர் கிடையாது. மஹ்மூத் அம்மா, சைனப் அம்மா, இரட்டையர் அம்மா என்று மூத்த பிள்ளை பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருஷமாக ரதீபா மட்டும் ரதீபாதான். கல்யாணம், சாவு, ரொட்டிக் கடை வரிசை, எங்கே போனாலும் யாராவது ஒருத்தி, “உனக்கு எத்தனை?” என்று கேட்பாள். இல்லை என்றால் அடுத்த கேள்வி வரும். அதற்குப் பதில் சொன்னால் ஒரு வைத்தியம் வரும். அதனால் அவள் எங்கேயும் போகாமலிருக்கப் பழகிக்கொண்டாள். புருஷன் படகுக்குக்கூட வந்ததில்லை.

ரயிஸ் என்னிடம் விஷயத்தைச் சொன்னது அதற்கு முந்திய சனிக்கிழமை, டீக்கடையில்.

“செவ்வாக்கிழமை ரதீபாவைப் படகுல கூட்டிட்டு வரப்போறேன்.”

“அதிசயமா இருக்கே. பத்தொன்பது வருஷமா வராதவ இப்ப எப்படி ஒத்துக்கிட்டா?”

“இப்ப நம்ம படகுல குழந்தைகளே ஏறக் கூடாதுன்னு சொன்னேன். எல்லாம் பெரியவங்கதான், ஒருத்தியும் உன்ன ஒண்ணும் கேக்க மாட்டான்னு சொன்னேன். உடனே சரின்னுட்டா.”

அது நிஜம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் முதலாளி படகைப் பெரியவர்களுக்கு மட்டும் என்று மாற்றிவிட்டார். பீர் உண்டு, பாட்டு உண்டு, தண்ணீர் விளையாட்டு உண்டு. பதினெட்டு வயதுக்குக் கீழே யாருக்கும் இடமில்லை.

“நல்ல காரியந்தானே, ஏன் இப்படி முழிக்கிறீங்க?” என்றேன்.

ரயிஸ் கண்ணாடித் தம்ளரைச் சுற்றிச் சுற்றி வைத்தார். “மூணு வாரம் முன்னாடி ஊர்ல சாவுன்னு போனேன்ல. சாவு இல்ல. கல்யாணம்.”

“யாருக்கு?”

“எனக்கு.”

டீயைக் கீழே வைத்தேன். அவரே பேசினார். அண்ணன்மார் விடவில்லையாம். அத்தை மகன் பெண், பெயர் நஜ்லா. “இதுல ஒரு சிக்கல் ஃபிக்ரி. கல்யாணம் எழுதுற மஃதூன் மொதப் பொண்டாட்டிக்குப் பதிவுத் தபால் அனுப்பியே ஆகணும். சட்டம். வியாழக்கிழமை போட்டாச்சாம். எங்க ஊரு கெனாவுலேர்ந்து இங்க வர்றதுக்குச் செவ்வாய் ஆகும். தபால்காரன் மத்தியானம் வருவான். வீடு பூட்டியிருந்தா சீட்டு வச்சிட்டுப் போவான். அந்தச் சீட்ட நான் எடுத்துக்குவேன்.”

“எத்தனை நாளைக்கு மறைப்பீங்க?”

“முடியுற வரைக்கும். உங்க ஆளுங்களுக்கு ஒண்ணே ஒண்ணு. செத்தாத்தான் அடுத்தது. இந்தத் தலைவலியெல்லாம் உனக்கு எங்க புரியப்போகுது?”

“என்னோட ஒண்ணும் செத்துப்போச்சு ரயிஸ். அடுத்தது வரல. அந்தத் தலைவலியும் உங்களுக்குப் புரியாது” என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

எங்கள் ஊர்த் தபால் பிறந்த நாளிலிருந்து ஒரே ஒரு தடவைதான் சீக்கிரம் வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுமுறை. வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். ரதீபா ஒரு காகித உறையோடு வாசலில் வந்து நின்றாள். கையெழுத்துப் போடுவாள், படிக்கத் தெரியாது.

“தபால்காரன் என்னைத் தேடி வந்தான் அண்ணே. எனக்கு யாரு கடுதாசி போடப்போறா? எங்கண்ணனுக்கு ஏதாச்சும் ஆயிருச்சான்னு பயமா இருக்கு. படி.”

உறையின் மேல் இருந்த மஃதூன் முத்திரையைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. கண்ணாடி இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். கண்ணாடி என் மூக்கின் மேல்தான் இருந்தது.

படித்தேன். நான்கு வரி. இன்னார் மகன் ஹம்தான், இன்ன தேதியில், இன்னார் மகள் நஜ்லாவை மணமுடித்தார் என்பதைச் சட்டப்படி உங்களுக்கு அறிவிக்கிறோம்.

“இன்னொரு தடவை படி” என்றாள். படித்தேன். “இன்னொரு தடவை.” அதையும் படித்தேன்.

“அந்தப் பொண்ணு வயசு போட்டிருக்கா?”

“இல்ல.”

“போட்டிருக்கும். நீ மறைக்கிற.”

“இருபத்துநாலு.”

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். அழவில்லை. என் வெண்டைக்காய்த் தட்டை இழுத்து வைத்துக்கொண்டு, நான் விட்ட இடத்திலிருந்து நறுக்க ஆரம்பித்தாள். தட்டு காலியானதும் சொன்னாள்.

“செவ்வாக்கிழமை கடலுக்கு வான்னு கூப்பிட்டாரு. என் மேல பிரியம் வந்து கூப்பிடுறாருன்னு நெனச்சேன். நேத்து ராத்திரி தலைத்துணிகூட வாங்கிட்டு வந்தேன்.” கத்தியைத் துடைத்து வைத்தாள். “நான் வருவேன் அண்ணே. அன்னைக்குப் பொழுது சாயுறதுக்குள்ள அவரு வாயால சொல்லணும். சொல்லிட்டாருன்னா இருந்துடுவேன். பிள்ளை வேணும்னு ஆசைப்படுறது பாவமில்ல. என்னை முட்டாளாக்கி வச்சிருக்கிறதுதான் பாவம். சொல்லலன்னா புதன்கிழமை பஸ்ஸுல குசேருக்கு, எங்கண்ணன் வீட்டுக்குப் போயிருவேன். விவாகரத்து கேக்கச் சட்டத்துல எனக்கு வழி இருக்குன்னு தெரியும்.”

“நான் வேணும்னா அவருகிட்ட...”

“நீ ஒண்ணும் சொல்லக் கூடாது. நீ சொல்லி அவரு சொன்னா அது நீ சொன்னது. எனக்கு அவரு சொன்னது வேணும்.”

நான் தலையாட்டினேன்.

இதுதான் செவ்வாய்க்கிழமை காலையில் என் சமையலறைக்குள் இருந்த நிலைமை. புருஷன் ரகசியமும் என்னிடம், பெண்சாதி ரகசியமும் என்னிடம், நடுவே வதங்குகிற வெங்காயம்.

படகு துறையை விட்டு நகர்ந்ததும், வழிகாட்டிப் பையன் மிடோ ஒலிபெருக்கியை எடுத்து நான்கு மொழிகளில் கத்தினான். முப்பத்தெட்டுப் பேரும் கைதட்டி ஆரவாரம் செய்தார்கள். ரதீபா சுக்கானுக்குப் பக்கத்துப் பலகையில் உட்கார்ந்திருந்தாள்.

“என்ன சொன்னே, இந்தக் கூத்தடிக்கிறாங்க?”

“இன்னைக்கு இந்தப் படகுல யாரும் யாருக்கும் அம்மா இல்ல, அப்பா இல்லன்னு சொன்னேன் அத்தை.”

“அப்ப நான் சரியான படகுலதான் ஏறியிருக்கேன்” என்றாள். மிடோ சிரித்தான். ரயிஸ் எதிரே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வடகாற்று பலமாக இருந்தது. கிஃப்தூன் தீவுக்குப் போகிற வழியில் அலை படகின் இரண்டு உடல்களுக்கும் நடுவே புகுந்து வலையில் படுத்திருந்தவர்களை நனைத்தது. ஒவ்வொரு அலைக்கும் கூச்சல். பவளப்பாறைக்குப் பக்கத்தில் நிறுத்தும்போது எங்கள் ஆள் கினாவி கயிற்றோடு குதித்து நீந்திப்போய் மிதவையில் கட்டினான். ரதீபா எழுந்து எட்டிப் பார்த்தாள்.

“ஏப்பா, முடிச்சு தளர்ந்திருக்கு. இன்னொரு சுத்து சுத்து.”

கினாவி தண்ணீரிலிருந்தபடியே, “ரயிஸ், இன்னைக்குப் படகுக்கு ரெண்டு ரயிஸா?” என்றான்.

“அவ குசேர்க்காரி. அவ அப்பன் சுறா பிடிச்சவன். சொன்னதைச் செய்” என்றார் ரயிஸ். அவர் குரலில் பெருமை இருந்தது. அதைக் கேட்கத்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. அவர் கெட்டவரில்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபம்.

மூச்சுக்குழாய் மாட்டிக்கொண்டு ஒரு கூட்டம் இறங்கியது. துடுப்புப் பலகையில் நின்று பார்த்து விழுந்து, நின்று பார்த்து விழுந்து ஒரு கூட்டம். மஞ்சள் ரப்பர் உருளையில் எட்டுப் பேரைக் குதிரைமேல் ஏற்றுவதுபோல் ஏற்றி விசைப்படகு இழுத்துப்போனது. அதை ஓட்டுகிறவன் கடைசி வளைவில் வேண்டுமென்றே கவிழ்ப்பான். கவிழ்க்காவிட்டால் கோபித்துக்கொள்கிறார்கள். அன்றைக்குக் கவிழ்த்ததில் ஒரு வழுக்கைத் தலையருக்குக் கால்சட்டை கழன்று கடலோடு போய்விட்டது. மனிதர் படகின் ஏணியைப் பிடித்துக்கொண்டு மேலே வரமாட்டேன் என்று கெஞ்சுகிறார். அவர் பெண்சாதி மேலே நின்று படம் எடுக்கிறாள். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க, ரதீபாதான் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு துண்டை எறிந்தாள். “பாவம்டா, காத்துக்கு வெறச்சிடப் போறான்” என்று சொல்லிவிட்டு அவளும் சிரித்தாள். அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை.

ரயிஸும் அதைப் பார்த்தார். நான் அவருக்குத் தேநீர் கொண்டுபோனேன்.

“ரயிஸ், அவகிட்ட சொல்லிடுங்க.”

“என்னத்த?”

“என்னத்தயா? இன்னைக்கே சொல்லிடுங்க. நல்லது.”

“அவ சிரிக்கிறதப் பாத்தியா ஃபிக்ரி? பத்தொன்பது வருஷத்துல இந்தச் சிரிப்ப நான் எங்க பாத்தேன்? இதையா கெடுக்கச் சொல்ற? நீ போய் மீனைப் பாரு.”

போய் மீனைப் பார்த்தேன். விளமீன், நல்ல பெரிது. பூண்டும் சீரகமும் எலுமிச்சையும் தடவி வைத்திருந்தேன். சுட்டு எடுத்து மேலே கொண்டுவந்தபோது ரதீபா நிழலில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஹெலேனா என்று ஒரு செக் நாட்டு அம்மாள். அறுபது வயதிருக்கும். தனியாக வந்திருந்தாள். ஒருத்தி மொழி இன்னொருத்திக்குத் தெரியாது. ரதீபா மாம்பழத்தை நறுக்கி நறுக்கிக் கொடுக்க, அந்த அம்மாள் தன் கைபேசியில் படம் காட்டிக்கொண்டிருந்தாள்.

“ஒரு நாயோட படமா காட்டுறா அண்ணே. நாய் கட்டில்ல படுத்திருக்கு, நாய் பனியில ஓடுது, நாய்க்குச் சட்டை போட்டிருக்கு. பிள்ளைங்க படம் ஒண்ணுகூட இல்ல.”

“அவளுக்கும் இல்லியோ என்னவோ. மிடோவைக் கூப்பிட்டுக் கேக்கச் சொல்லட்டா?”

“வேண்டாம். நான் ஏன் கேக்கணும்?” என்றாள் வெடுக்கென்று. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “அஞ்சு மணி நேரமாச்சு அண்ணே. ஒருத்தியும் என்ன ஒண்ணும் கேக்கல. அது நல்லாத்தான் இருக்கு. ஆனா பேசுறதுக்கும் ஒருத்தி இல்லியே. கேக்குறவ போனா பேசுறவளும் சேந்துல்ல போயிடுறா.”

சோற்றைப் போட்டுக் கொடுத்தேன். ரெண்டு வாய் சாப்பிட்டாள். “வெங்காயம் நல்லா கறுத்திருக்கு” என்றாள். கொஞ்சம் கழித்து, “இன்னும் சொல்லல” என்றாள்.

அவள் அவருக்கு வழியும் விட்டாள். என் காதாலேயே கேட்டேன். சாப்பாடு முடிந்து மணல்திட்டுக்குப் படகு போய் நின்றபோது அவள் அவர் பக்கத்தில் போய், “என்ன யோசனை? காலைலேர்ந்து வாயே திறக்கல” என்றாள்.

“காத்து திரும்புதான்னு பாக்குறேன்” என்றார்.

“வேற ஒண்ணுமில்லியே?”

“வேற என்ன இருக்கப்போகுது?”

அவள் முன்பக்கம் போய் வலையின் ஓரத்தில் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்துகொண்டாள். பாட்டு அலறிக்கொண்டிருந்தது. இடுப்பளவுத் தண்ணீரில் நின்று ஒரு கூட்டம் பீர் டின்களோடு ஆடிக்கொண்டிருந்தது. அவ்வளவு பேருக்கு நடுவே அந்தக் கறுத்த முதுகு மட்டும் அசையாமல் தெற்கே, குசேர் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தது.

பாத்திரம் கழுவிய தண்ணீரைக் கொட்டப் போனபோது கேட்டாள்: “நாளைக்கு குசேர் பஸ் எத்தன மணிக்கு?”

“ஒம்பதுக்கு” என்றேன்.

“அப்ப காலைல துணி துவைச்சுப் போட்டுட்டே போகலாம்” என்றாள்.

கீழே இறங்கி வந்து கழுவிய தட்டையே திரும்பத் திரும்பக் கழுவினேன். இரண்டேகால் மணி. நான்கு மணிக்குத் துறை. நாளைக்கு இந்நேரம் மேல்வீடு பூட்டியிருக்கும். ரயிஸ் ஊருக்குப் போய்விடுவார், இல்லையென்றால் டீக்கடையில் கிடப்பார். நான் என் வீட்டில் ஒற்றைத் தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அவர்கள் குடும்பம் உடையக் கூடாது என்று நான் நினைத்ததாக இத்தனை நாளும் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அதில்லை. மனைவி போனபிறகு எனக்கிருந்த ஒரே இடம் அந்த மேல்வீடு. அது எனக்கு வேண்டியிருந்தது.

கையைத் துடைத்துக்கொண்டு ரயிஸிடம் போனேன்.

“அவளுக்குத் தெரியும்.”

அவர் திரும்பவில்லை. “என்ன தெரியும்?”

“எல்லாம். தபால் ஞாயித்துக்கிழமையே வந்துருச்சு.”

இப்போது திரும்பினார். பத்தொன்பது வருஷம் கூட வாழ்ந்தவளைப் பற்றி அவர் முதலில் கேட்ட கேள்வி இதுதான்: “யாரு படிச்சுக் காட்டினா?”

“நான்தான்.”

“உன்ன நம்பினேனேடா.”

“அவளும் நம்பினா. அவ நம்பிக்கையையும்தான் இப்பக் கெடுத்துட்டு நிக்கிறேன். கேளுங்க ரயிஸ். நீங்களா உங்க வாயால சொன்னா இருப்பா. இல்லாட்டி நாளைக்கு ஒம்பது மணி பஸ். நான் சொன்னேன்னு தெரியவே கூடாது.”

அவர் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து முகத்தைக் கழுவினார். கழுத்துத் துணியால் துடைத்து, மீசையை இரண்டு பக்கமும் ஒதுக்கிவிட்டார். பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி அவர் அப்படித் தயாரானதைப் பார்க்கச் சகிக்காமல் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

சமையலறைச் சன்னலிலிருந்து வலை தெரியும். அவர் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். பாட்டுச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. அவர் வாய் அசைந்தது. அவள் நேராகவே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார், தோள் குலுங்கியது. அழுதார். நிஜமாகத்தான் அழுதார். நான் போய்ச் சொல்லாவிட்டால் வந்திருக்காத அழுகை, ஆனால் நிஜ அழுகை. இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ரதீபா கையை நீட்டி அவர் முதுகில் வைத்தாள். வெகுநேரம் வைத்திருந்தாள்.

பிறகு ஒரு காரியம் செய்தாள். எழுந்து, தலைத்துணியை இறுக்கிக் கட்டி, அபாயாவோடு அப்படியே கடலில் குதித்தாள். ரயிஸ் பதறி எழுந்தார். கினாவி மிதவை வளையத்தைத் தூக்கினான். தலை வெளியே வந்ததும், “போடா, எனக்கா வளையம்?” என்றாள். கனத்த துணி இழுக்க, அதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு, படகை ஒரு முழுச் சுற்று நீந்தினாள். துடுப்புப் பலகையில் இருந்தவர்கள் எல்லாம் வழிவிட்டு நின்று பார்த்தார்கள். அந்த ஹெலேனா அம்மாள்தான் முதலில் கைதட்டினாள். பிறகு எல்லோரும் தட்டினார்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் கடலில் இறங்கியதில்லை. ஏணியில் ஏறும்போது ரயிஸ் கை கொடுத்தார். அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினாள்.

திரும்பும் வழி முழுவதும் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தாள். அவர் சட்டை அவள் தோளில். நான் தர்பூசணி நறுக்கினேன். எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

துறையில் பயணிகள் இறங்கினார்கள். சிப்பாய் தலைகளை எண்ணிப் பட்டியலில் கோடு போட்டான். ரயிஸ் அந்தப் பட்டியலைக் கொடுக்க அலுவலகத்துக்குப் போனார். கினாவி குழாய் வைத்து மேல்தளத்தைக் கழுவத் தொடங்கினான். ரதீபா என் படிக்கட்டுக்கு வந்தாள். துணியிலிருந்து இன்னும் நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“அவரு சொல்லிட்டாரு அண்ணே.”

“பாத்தேன் தங்கச்சி.”

“என்ன சொன்னாரு தெரியுமா? உன்கிட்ட மறைச்ச மூணு வாரமும் எனக்குச் சோறு இறங்கலன்னாரு. நல்லாத்தான் தின்னாரு. நான்தானே போட்டேன்.” சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அன்று முழுவதும் பார்க்காத முகத்தை அப்போதுதான் பார்த்தாள். “ஒண்ணு கேக்குறேன். அவரா வந்து சொன்னாரா, நீ சொல்லி வந்து சொன்னாரா?”

“அவராத்தான் சொன்னாரு.”

“நீ விரதத்துல இருக்க. கன்னி மரியாள் மேல ஆணையா?”

மேலே கினாவி பீய்ச்சுகிற தண்ணீர் படி வழியாக இறங்கி என் காலை நனைத்தது. என் அம்மா அந்த விரதத்தில் உப்புகூடப் போட்டுக்கொள்ள மாட்டாள். நாற்பது வருஷமாக ஒரு நாள் தவறாமல் நானும் இருந்து வருகிறேன்.

“ஆணையா” என்றேன்.

அவள் கண் என் முகத்திலிருந்து நகரவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. எனக்கு அது அந்த நாள் அளவுக்கு நீளமாக இருந்தது.

“சரி. நம்பிட்டேன்” என்றாள். “ஆனா இனிமே நீ மேல வராத அண்ணே.”

“தங்கச்சி...”

“உன் மூஞ்சியப் பாத்தா எனக்குச் சந்தேகம் வரும். சந்தேகம் வந்தா நான் அங்க இருக்க முடியாது. எனக்கு இருக்கணும். அண்ணன் பொண்டாட்டி கையால சோறு வாங்கித் தின்னுட்டு, குசேர்ல உக்காந்து கடலைப் பாத்துட்டிருக்க என்னால ஆகாது. நம்பினது நம்பினபடியே இருக்கட்டும். நீ கொஞ்சம் தள்ளி இரு.” தலைத்துணியின் நுனியைப் பிழிந்தாள். “கோபமில்ல. கோபம்னு நெனச்சுக்காத.”

ரயிஸ் தூரத்தில் வருவது தெரிந்ததும் அவரோடு சேர்ந்து நடந்து போய்விட்டாள்.

அதே படகில்தான் இன்னும் சமைக்கிறேன். ரயிஸ் என்னிடம் வேலைக்கு வேண்டியதைப் பேசுவார். சோறு ஆச்சா, எத்தனை பேர், கயிற்றை எடு. டீக்கடையில் நான் நுழைந்தால் எழுந்து போய்விடுவார். நடந்ததை நடந்தபடி அறிந்தவன் ஒருத்தன் எதிரே உட்கார்ந்திருந்தால் யாருக்குத்தான் டீ இறங்கும்? மாதத்தில் ஒரு வாரம் கெனா போய் வருகிறார். மேலே அவர்கள் பேசுவது சிலசமயம் கேட்கும். சண்டையில்லை, சாதாரணப் பேச்சுதான். உப்பு எங்கே, கதவைச் சாத்து, நாளைக்குக் காற்று எப்படி. நான் சாயங்காலத்தில் முட்டை உடைக்கக் கற்றுக்கொண்டேன்.

போன ஜூனில் கெனாவில் நஜ்லாவுக்குப் பையன் பிறந்தான். பிள்ளை பிறந்த ஏழாம் நாள் எங்கள் பக்கம் சின்னச் சின்னப் பொட்டலங்களில் கொண்டைக்கடலை, வேர்க்கடலை, மிட்டாய் கட்டி ஊருக்கெல்லாம் கொடுப்பார்கள். கெனாவில் என்ன செய்தார்களோ தெரியாது. எங்கள் தெருவில் ரதீபா செய்தாள். அறுபது பொட்டலம் தன் கையால் கட்டினாளாம். வீடு வீடாக ஏறி இறங்கி, ஒவ்வொரு கதவாகத் தட்டி, “எங்க வீட்டுப் பிள்ளைக்கு ஏழாம் நாள்” என்று சொல்லிக் கொடுத்தாளாம். மஹ்மூத் அம்மா குலவையிட்டாளாம். இப்போது தெருவில் அவளைப் பிள்ளை பெயர் சொல்லிக் கூப்பிடலாமா, கூடாதா என்று பெண்களுக்குள் ஒரே வாக்குவாதமாம். இதையெல்லாம் ரொட்டிக் கடையில் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

எனக்கும் ஒரு பொட்டலம் வந்தது. மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பும்போதுதான் பார்த்தேன், கதவுப் பிடியில் நூலால் கட்டித் தொங்கவிட்டிருந்தது. முதல் நாள் சாயங்காலம் பூராவும் நான் வீட்டுக்குள்தான் இருந்தேன். கதவை யாரும் தட்டவில்லை.